சாணைக்கல் ஒன்று, ஆளுடன்

வாள் அலுவலகம், மேல்மாடி
இரண்டாம் மாதம், 4

அன்புள்ள அக்காவுக்கு,

சாணை பிடிப்பவர்கள் இனி உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம் என்று ஆட்சிக்குழு தீர்மானித்துவிட்டது. மூன்று நாள் அமர்வு. முதல் நாள், உட்காருவது என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். இரண்டாம் நாள், உட்கார்ந்தவன் சோம்பேறியாகிவிடுவான் என்று ஓர் உறுப்பினர் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் பேசினார். மூன்றாம் நாள் வாக்கெடுப்பு, ஒன்பதுக்கு எட்டு. தீர்மானத்தை நகல் எடுத்தவன் நான். போர் முடிந்து வரலாறு எழுதும்போது இந்த நாளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவார்கள் என்று செயலர் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் மாடியில் தூசியும் அதிகம்.

இதை உனக்குச் சொல்ல வேண்டியவன் நான் என்பதால் எழுதுகிறேன். ஏழு மாதத்தில் இது ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் பதில் இல்லை. மலைக்கோட்டைக்கு வாரம் இரண்டு முறை வண்டி போகிறது. கடிதம் கிடைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது. கோபம் என்று சொல்லலாம். அதையாவது எழுது.

வீட்டுக்கு ஓர் ஆள் என்பது ஆணை. நம் வீட்டில் இருந்தது நீயும் நானும். பட்டியல் எழுதுபவன் நான். என் பெயரை எழுதியிருந்தால் என் கையில் வாளைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். என் கையில் வாள் இருப்பது எனக்கு மட்டும் ஆபத்தில்லை, பக்கத்தில் நிற்பவனுக்கும்தான். நீயோ பதினைந்து வருடம் கடைத்தெருவில் கத்தியும் கத்திரிக்கோலும் தீட்டியவள். உன்னை ஆட்கள் பட்டியலில்கூட நான் சேர்க்கவில்லை. கருவிகள் பட்டியலில் சேர்த்தேன். ‘சாணைக்கல் ஒன்று, ஆளுடன்.’ ஆள் என்றால் சாகச் சொல்வார்கள். கல்லைச் சாகச் சொல்ல யாராலும் முடியாது. பொறுமையாக யோசித்தால், இந்தப் போரில் உன்னைவிடப் பத்திரமாக இருப்பவர் யாரும் இல்லை என்று உனக்கே விளங்கும்.

உன் தம்பி

*

மலைக்கோட்டை, சாணைக் கொட்டகை
இரண்டாம் மாதம், 19

தம்பிக்கு,

உட்கார அனுமதி வந்து சேர்ந்தது. உட்கார எதுவும் வரவில்லை.

நான்கு கடிதமும் கிடைத்தன. அடுப்புப் பற்றவைக்க வசதியாக இருந்தன. ஐந்தாவதும் அங்கேதான் போயிருக்கும். ஆனால் எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல வேறு ஆள் இல்லை. உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

இங்கே ஒவ்வொரு வாளின் பிடியிலும் கயிற்றில் ஒரு பித்தளைத் தகடு தொங்கும், வைத்திருப்பவன் பெயரோடு. மழுங்கிய வாள் என்றால் தகட்டோடு வரும். ஆள் போய்விட்டால் கயிற்றை அறுத்துத் தகட்டை எடுத்துக்கொண்டு வாளை மட்டும் அனுப்புவார்கள். மொட்டை வாள் என்போம். அதைத் தீட்டிப் புதுத் தகடு கட்டி அடுத்தவனுக்குக் கொடுப்பது என் வேலை. காலையில் பெட்டியைத் திறந்து மொட்டையை எண்ணினால் முந்தின நாள் சண்டை எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். தளபதியைக் கேட்க வேண்டியதில்லை; அவருக்கு அவ்வளவு சரியாகத் தெரியாது.

நெட்டை என்று ஒருவன் இருந்தான். இடக்கைக்காரன். தினமும் வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்று வம்பளப்பான்.

“அக்கா, நல்லாத் தீட்டுங்க. அவனுக்கும் வலிக்கக் கூடாது, எனக்கும் நேரமாகக் கூடாது.”

“உன் உயரத்துக்கு முதல்ல உன் தலைதான்டா போகும்.”

“போனா உங்க உயரத்துக்கு வந்துடுவேன். அப்புறம் நேருக்கு நேர் பேசலாம்.”

என் வாயை அடக்கியிருக்கலாம். போன வாரம் அவன் வாள் மொட்டையாக வந்தது. தகடு இல்லாவிட்டாலும் இடக்கையால் தேய்ந்த பிடியைப் பார்த்ததும் தெரிந்தது.

தீட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். மரத்தூணில் ஈர வைக்கோல் கட்டு கட்டியிருக்கும். ஒரு வெட்டில் பாதிக் கட்டு அறுந்தால் வாள் சரி. ஏழு மாதமாகச் செய்கிறேன், கறிகாய் நறுக்குகிற மாதிரிதான் வெட்டுவேன். அன்று வாளை ஓங்கியபோது அது என் இடக்கையில் இருந்தது. எப்போது மாற்றினேன் என்று தெரியாது. தோள் தாழ்ந்தது, மணிக்கட்டு கடைசியில் ஒரு திருப்புத் திருப்பியது. அந்தத் திருப்பு நெட்டையுடையது. அவன் பேசும்போதுகூடக் கையை அப்படித்தான் திருப்புவான். வைக்கோல் போயிற்று. தூணும் போயிற்று. கொட்டகைக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

எனக்கு இடக்கையில் கரண்டிகூடப் பிடிக்க வராது. உனக்குத் தெரியும்.

அக்கா

*

வாள் அலுவலகம்
இரண்டாம் மாதம், 27

அக்கா,

பதில் எழுதியதற்கு நன்றி. அடுப்பைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

கவலையெல்லாம் தூணைப் பற்றித்தான். கோட்டைத் தூண்கள் கட்டடப் பிரிவுக்குச் சொந்தம். சாணைக்கல் ஒன்று தூணை வெட்டிவிட்டது என்று அறிக்கை போனால், கல்லில் பழுது என்று முடிவுகட்டுவார்கள். பழுதான கல்லை உடைத்துக் குழியில் போடுவது நடைமுறை. ‘ஆளுடன்’ என்றால் அப்போது என்ன செய்வது என்று இன்னும் யாரும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்க வைத்துவிடாதே. கூரை காற்றில் இறங்கியது என்று சொல்.

மற்றபடி உனக்குக் களைப்பு. செத்தவன் கை என் கைக்குள் வந்தது என்றெல்லாம் எழுதாதே. கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர் பக்கத்து மேசைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம். உன் கடிதத்தை நான் முந்திக்கொண்டு எடுத்துவிட்டேன். இனி உன்னுடையது எல்லாம் நேராக என்னிடம் வர ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மறுபடி நடந்தால் எழுது. நடக்காது.

தம்பி

*

மலைக்கோட்டை
மூன்றாம் மாதம், 15

தம்பி,

மறுபடி நடந்தது.

இந்த மாதம் மொட்டை அதிகம். ஒவ்வொன்றையும் தீட்டும்போது ஒவ்வொரு கை வந்து சேர்கிறது. ஒருவன் வெட்டுவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். ஒருவன் சுண்டுவிரலால் பிடியை இரண்டு தட்டுத் தட்டுவான். ஒருவனுக்கு வாள்வித்தை எதுவுமே தெரியாது, பயம் மட்டும்தான். அவன் என் தோளில் இரண்டு நாள் இருந்தான், என்னால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. யார் பெயரும் தெரியாது. பெயர் தகட்டோடு போய்விடுகிறது.

நேற்று மதியம் காவலர்கள் எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றார்கள். கால்வாய் வழியாக மூன்று பேர் கொட்டகைக்குள் ஏறிவிட்டார்கள். எதிரிகள். தலை முதல் கால் வரை ஈரம். நான் கல்லின் முன் நின்றிருந்தேன், மிதியில் கால், கையில் பாதி தீட்டிய வாள். என்னைப் பார்த்ததும் ஒருவன் சிரித்தான். பொம்பளை, அதுவும் சாணைக்காரி என்ற நிம்மதி.

முதலாமவனை நெட்டை வெட்டினான். இரண்டாமவனை, மூச்சைப் பிடிப்பவன். மூன்றாமவனை யார் என்று தெரியவில்லை. நானாக இருக்கலாம். கால் எடுத்த பிறகு கல் தானாகச் சுற்றி நிற்க எவ்வளவு நேரம் ஆகும்? அது நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தளபதி வந்தார். இவருக்குக் கொட்டாவியார் என்று பெயர். முற்றுகையின் நடுவில்கூட விடுவார். மூன்று உடல்களையும் என்னையும் பார்த்தார்.

“யார் பண்ணது இது?”

“நான்தான்.”

“நீயா? நீ சாணைக்கல்லாச்சே?”

“ஆளுடன்,” என்றேன்.

பட்டியலை வரவழைத்துப் பார்த்தார். இருந்தது. “கருவி ஆளைக் கொன்னா விபத்துனுதான் எழுத முடியும்,” என்று சொல்லிக் கொட்டாவி விட்டார். மூன்று விபத்துகள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நன்றாக இருந்தது. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக உச்சி முதல் பாதம் வரை என் உடம்பு நான் சொன்ன பேச்சைக் கேட்டது. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு போதும் என்று எலும்புக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் கால்வாயோரம் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். இரண்டும் உண்மை.

அக்கா

*

வாள் அலுவலகம்
நான்காம் மாதம், 2

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுவதற்கு முன் முழுக்கப் படித்துவிடு.

புதிதாக ஒரு தணிக்கையாளர் வந்திருக்கிறார். எல்லாவற்றையும் படிக்கிறார். இந்த அலுவலகத்தில் இதற்குமுன் அப்படி ஒருவர் இருந்ததில்லை. ஆட்கள் பட்டியலில் நம் வீட்டுப் பெயரைத் தேடியிருக்கிறார், இல்லை. கருவிகள் பட்டியலில் இருக்கிறது. என்னைக் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “தம்பி, உங்க வீடு ஒரு கல்லு குடுத்திருக்கு. ரொம்ப நன்றி. ஆள் எப்போ குடுக்கறீங்க?”

நீதான் ஆள் என்றேன். “அப்படின்னா ஏன் கருவியில எழுதினீங்க?” என்றார். எழுதியது யார் என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது. உன்னைக் காப்பாற்ற நான் கண்டுபிடித்த வழி அது, அக்கா. அதைவிட நல்ல வழி என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்ததில்லை.

ஐந்தாம் மாதம் முதல் நாள் நான் வாள் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்வரிசை.

ஒரே ஒரு வழி இருக்கிறது, விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பிடித்தேன். கருவியை ஆளாக மாற்றலாம். முன்பு ஒரு குதிரையை மாற்றியிருக்கிறார்கள். எதிரிகளை ஐம்பது பேர் வரை மிதித்த குதிரை, பிறகு அது துணைத்தளபதியாக ஓய்வுபெற்றது. அதையே அளவாக வைத்திருக்கிறார்கள். திறந்த களத்தில், தளபதி பார்க்க, ஐம்பது பேர். தளபதியின் சான்றிதழ் மாத முடிவுக்குள் இங்கே வந்துவிட வேண்டும்.

நீ எழுதியதைக் களைப்பு என்று போன கடிதத்தில் தள்ளிவிட்டேன். இப்போது நம்புகிறேன். எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று நீ கேட்பாய். தணிக்கையாளர் அறையை விட்டு வெளியே வந்தபோது.

எனக்கு வாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

தம்பி

*

மலைக்கோட்டை
நான்காம் மாதம், 23

தம்பி,

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. கசங்காமல் எடு. அறுபத்தொன்று.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்னைத் திட்டிக்கொண்டே வாள் தீட்டினேன். கல்லை மிதித்த மிதியில் அச்சு தேய்ந்துவிட்டது. நீ கோழை என்று எனக்கு எப்போதும் தெரியும். உன் எட்டு வயதில் ஓணானைப் பார்த்துவிட்டு என் முதுகில் ஏறினாய், நான் இறக்கிவிட்டதாக ஞாபகம் இல்லை. நீ போய்விட்டால் இனிமேல் நான் யாரைத் திட்டுவது? அதை யோசித்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

கொட்டாவியாரிடம் போய்க் களத்தில் இறங்க அனுமதி கேட்டேன். “கல்லை இறக்கிட்டுப் போறியா, கல்லோட போறியா?” என்றார். கிண்டல் இல்லை, படிவத்தில் எழுத வேண்டியிருந்தது.

கோட்டைக்குக் கீழே ஆறு. ஆழமில்லாத இடம் ஒன்றுதான், அதன் வழியாகத்தான் அவர்கள் வருவார்கள். நான் கரையில் நின்றேன். நம் ஆட்கள் எனக்குப் பின்னால் நூறு அடியில் நின்றார்கள், அது தளபதியின் ஏற்பாடு. எண்ணிக்கையில் குழப்பம் வரக் கூடாதாம். அவர் மேட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவன் விழும்போதும் ஒரு கூழாங்கல்லைக் கூடையில் போட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குள் அப்போது நானூறு கைகளுக்கு மேல் இருந்தன. கேட்கவே வேண்டியதில்லை, ஈட்டி வந்தால் ஈட்டி தெரிந்தவன் வருவான், இருவர் சேர்ந்து வந்தால் அதைப் பழகியவன் வருவான். ஒரே வாள், ஒரே உடம்பு. நான் நடுவில் எங்கோ வழிவிட்டு நின்றிருந்தேன். வானம் வெளுத்தபோது ஆரம்பித்தது. வெயில் தலைக்கு வருவதற்குள் ஆற்றில் நடப்பதற்கு இடமில்லை. ஐம்பதோடு நிறுத்தலாம் என்று கொட்டாவியார் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நம் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்பெல்லாம் “அக்கா, என்னோடதை முதல்ல தீட்டுங்க” என்று சட்டையைப் பிடித்து இழுப்பவர்கள். ஒருத்தன்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

நன்றி என்று எழுதாதே.

அக்கா

*

வாள் அலுவலகம்
ஐந்தாம் மாதம், 5

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றதால் எழுதவில்லை.

சான்றிதழை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நீ ஆள். ஆட்கள் பட்டியலில் நானே எழுதினேன். அதிகப்படியான பதினொன்றை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டேன், விதியில் இடமில்லை என்றார்கள். என் வாள் உத்தரவைத் தணிக்கையாளர் என் முன்னாலேயே கிழித்தார். கிழித்த துண்டுகளையும் கோப்பில் வைத்துக்கொண்டார்.

நகரம் முழுக்க உன் பேச்சுதான். வாள்மங்கை என்கிறார்கள். சுவரில் உன் படம் வரைந்திருக்கிறார்கள். உனக்கு இருபது வயது, காற்றில் முடி பறக்கிறது, இரண்டு மடங்கு உயரம். கீழே நின்று பார்த்த ஒருவர் “இவங்களுக்குத் தம்பி ஒருத்தர் இருக்காராமே, அவரும் பெரிய வீரராமே” என்று என்னிடமே சொன்னார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

எதிரி இனி வர மாட்டான் என்று ஆட்சிக்குழு கருதுகிறது. அதனால் நாம் போகலாம் என்றும் கருதுகிறது.

தம்பி

*

மலைக்கோட்டை
ஐந்தாம் மாதம், 20

தம்பி,

இரும்புத் தட்டுப்பாடு. ஆற்றில் கிடந்த அறுபத்தொரு வாளையும் பொறுக்கி வந்து கொட்டகையில் கொட்டினார்கள். “நான் இப்போ ஆள்,” என்றேன். “ஆளானா என்ன, கை இருக்குல்ல? புதுசா ஒருத்தர் வர்ற வரைக்கும் பாரு,” என்றார் கொட்டாவியார்.

அவர்கள் வாளில் தகடு கிடையாது. பிடியில் துணி சுற்றியிருக்கும். தீட்டினேன். அவர்கள் கையும் வந்தது. வரும் என்று நான் ஏன் நினைக்கவில்லை? கைக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது.

முதல் சில, வழக்கம்போல. பிறகு ஒன்று. கல்லில் வைத்ததும் என் தோள் தளர்ந்தது, முழங்கை இறங்கியது, வாளின் முனை மெதுவாகத் தரையைப் பார்த்துத் திரும்பியது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. சுண்டுவிரல் முதலில். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இடக்கழுத்தில் மட்டும் ஒரு குளிர். மணிக்கட்டைக் கடைசியில் திருப்பி வெட்டினால்தான் அந்த இடத்தில் விழும்.

அவன் வாளைத் தாழ்த்தியிருக்கிறான், தம்பி. போதும் என்று சொல்லியிருக்கிறான். நான் பார்க்கவில்லை. எனக்குள் நானூறு கைகள் இருந்தன, கண் இரண்டுதான்.

அறுபத்தொன்றையும் தீட்டி முடித்தேன், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. தாழ்த்தியவர்கள் ஒன்பது பேர்.

உன் தணிக்கையாளரிடம் சொல். ஒன்பதைக் கழித்தாலும் ஐம்பத்திரண்டு. நான் ஆள்தான்.

நாளை என்னைக் கீழே ஆற்றுக் காவலுக்கு மாற்றுகிறார்கள். அக்கரைக்குப் போக ஆயத்தம் நடக்கிறது, நான் முன்னால் நிற்க வேண்டுமாம். இனி நான் எந்த வாளையும் தீட்டப்போவதில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டேன்.

அக்கா

*

மலைக்கோட்டை, சாணைக் கொட்டகை
ஆறாம் மாதம், 11

அக்கா,

முகவரியைப் பார்த்திருப்பாய்.

கருவிகள் பட்டியலில் இன்னும் ‘சாணைக்கல் ஒன்று, ஆளுடன்’ என்றுதான் இருக்கிறது. ஆள் போய்விட்டதால் பொருள் குறைபட்டிருக்கிறது, கொடுத்த வீடே குறையை நிரப்ப வேண்டும் என்று தணிக்கையாளர் எழுதினார். உத்தரவை நகல் எடுக்க என்னிடம் வந்தது. எடுத்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று செயலர் பாராட்டினார்.

நான் வந்த அன்று நீ அரை நாள் தூரத்தில் கீழே இருக்கிறாய் என்றார்கள். மேலே இருப்பவர் கீழே போகக் கூடாது, கீழே இருப்பவர் மேலே வரக் கூடாது. காவலாளியிடம், “என் அக்காதான் வாள்மங்கை,” என்றேன். “வர்றவன் எல்லாம் அதான் சொல்றான்,” என்றான்.

மிதியை அழுத்தினால் வாள் வழுக்குகிறது, வாளை அழுத்தினால் மிதி நிற்கிறது. உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. முதல் நாள் பெட்டியில் பத்தொன்பது மொட்டை. எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினேன். அலுவலகத்தில் இதே எண்கள் வரும், நான் அவற்றைக் கூட்டிக் கீழே கோடு போடுவேன்.

எனக்கு எந்தக் கையும் வரவில்லை. ஒவ்வொரு வாளிலும் காத்திருந்து பார்க்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டியலில் உன்னை எழுதிய அன்று, உன்னைக் காப்பாற்ற எழுதியதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காரணம் எழுதி முடித்த பிறகு வந்தது. எழுதும்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான், ‘நான் இல்லை’ என்பது. என் கை நடுங்கக்கூட இல்லை, அக்கா. மன்னிக்கச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி

*

ஆற்றுக் காவல்
ஆறாம் மாதம், 14

தம்பி,

தெரியும்டா. நீ எழுதுவதற்கு முன்பே தெரியும். நீ சொல்வாயா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வாளைக் கல்லில் அழுத்தாதே, சாய்த்து வை. இரண்டு விரல் இடைவெளி. கல் இழுத்துக்கொள்ளும், நீ விடாமல் இருந்தால் போதும். மிதியைக் குதிகாலால் மிதி. உள்ளங்கையில் ஈரத்துணி சுற்று. எண்ணெய் தடவாதே, வழுக்கும். ஒரு மாதத்தில் தோல் தடித்துவிடும்.

நாளை காலை அக்கரைக்குப் போக உத்தரவு. நான் முன்னால், இவர்கள் பின்னால். அக்கரையில் அவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இங்கிருந்து பார்த்தால் நம் ஆட்கள் மாதிரியேதான், சாப்பாட்டுக்கு நிற்கிற வரிசை.

நான் நடு ஆறு வரை போவேன். அங்கே நின்று வாளைத் தாழ்த்துவேன். என்னிடம் இருக்கிற ஐந்நூறு கைகளில் அதைச் செய்யத் தெரிந்தவை அந்த ஒன்பதும்தான். அவற்றிடம் விட்டுவிடப் போகிறேன். நான் தாழ்த்தினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்று தெரியும்.

பின்னால் வருகிறவர்களிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார்கள்.

“உங்களுக்குச் சரிக்கா, உங்க கைல ஊரே இருக்கு. எங்க கைல நாங்க மட்டும்தானே?”

“அதான் சொல்றேன். ஒருத்தனா இருக்கும்போதே கீழே போடு, சுலபம்.”

“போட்டா கொட்டாவியார் சும்மா விடுவாரா?”

“அவர் வாயை மூடறதுக்குள்ள நாம திரும்பி வந்துடலாம்,” என்றான் இன்னொருவன்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஒவ்வொருவராக வந்து, தானும் தாழ்த்துவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். முப்பத்தேழு பேர். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

பயமாக இருக்கிறதா என்று நீ கேட்பாய். உன்னோடு சேர்ந்து ஓணானைப் பார்த்து நானும்தான் பயந்தேன். ஒரு முதுகுதான் இருந்தது, அதனால் நீ ஏறினாய்.

அக்கா

*

மலைக்கோட்டை, சாணைக் கொட்டகை
ஆறாம் மாதம், 16

அக்கா,

உன் கடிதமும் வாள் பெட்டியும் இன்று காலை ஒரே வண்டியில் வந்தன. கடிதத்தை முதலில் படித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தேன்.

முப்பத்தெட்டு மொட்டை. இந்த முறை வண்டிச் சீட்டில் பெயர்களையும் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார்கள்; முதல் பெயர் உன்னுடையது, முதல் வாளும்.

உன் வாளை வலக்கையில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன், பிறகு இடக்கையில். வேறு வேலை இருந்ததால் வைத்துவிட்டேன். முப்பத்தெட்டையும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் கூர் மழுங்கவில்லை. தீட்ட வேண்டிய தேவை இல்லாததால் வேலை மதியத்துக்குள் முடிந்தது. புதுத் தகடுகளைக் கட்டி மாலை வண்டியில் கீழே அனுப்பினேன்.

தம்பி